முதற் கோணல் முற்றுங் கோணலா? 1990ஆம் ஆண்டின் எஸ்கோர்ட் கார் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

வரலாறு பெரும்பாலும் அரியவற்றின் பதிவாகவே இருந்து வந்துள்ளது. மன்னன் ஏறிச் சென்ற தேரைப் பற்றிக் கல்வெட்டும் காவியமும் பேசும்; அவன் குடிகள் நெல்லேற்றிச் சென்ற வண்டியைப் பற்றிப் பேசுவார் இலர். ஆயின் ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்று அறியப் புகுவார்க்குத் தேரைக் காட்டிலும் வண்டியே கூடிய சான்று பகரும். இருபதாம் நூற்றாண்டின் மோட்டார் வண்டிகளுக்கும் இவ்வுண்மை பொருந்துவதாகும். செல்வர் ஏறிய ரோல்ஸ் ரோய்ஸ் பற்றியும், பந்தய வீரர் ஓட்டிய பெராரி பற்றியும் நூல்கள் பல எழுந்துள்ளன. வேலைக்குச் செல்வதற்கும், பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதற்கும், விடுமுறையிற் கடற்கரைக்குப் போவதற்கும் உதவிய சாதாரண குடும்பக் காரோ, தன் பணி முடிந்ததும் பழைய இரும்பாகி மறைந்துவிடுகின்றது.

அவ்வாறு மறைந்து வருவனவற்றுள் ஒன்று, போர்ட் கம்பனியார் 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐரோப்பாவில் வெளியிட்ட எஸ்கோர்ட் கார். பிரித்தானியர் இதனை எஸ்கோர்ட் வரிசையில் ஐந்தாவதாக எண்ணுவர். மோட்டார்ச் சஞ்சிகைகள் இதனைக் கண்டித்தமை போல அக்காலத்தில் வேறெந்தக் குடும்பக் காரையும் கண்டித்தமை அரிது. பெரிய கம்பனி ஒன்று அசட்டையாய் இருந்தால் விளையும் கேட்டுக்கு உதாரணமாக இன்றும் இக்காரையே எடுத்துக் காட்டுவர். முதற் கோணல் முற்றுங் கோணல் என்பது நம்மவர் பழமொழி. இக்காரின் வரலாறு அப்பழமொழியை நிறுவுகின்றதா, மறுக்கின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்க வினா. அதனை அறிய, இக்கார் மீது சாட்டப்பட்ட குற்றங்கள் மெய்யானவையா, அக்குற்றங்கள் பின்னர் யாதாயின, தீர்ப்பு எவ்வாறு நிலைபெற்றது என்னும் மூன்றையும் முறையே நோக்குதல் வேண்டும்.

எஸ்கோர்ட் என்னும் பெயர் சிறுமையுற்ற பெயரன்று. அங்கிலியா என்னும் காருக்கு அடுத்ததாக 1968இல் முதலாவது எஸ்கோர்ட் வெளிவந்தது. லிவர்பூல் நகரை அடுத்த ஹேல்வூட் என்னுமிடத்தில் 1963இல் தொடங்கப்பெற்ற தொழிற்சாலையே பிரித்தானியாவில் அதன் பிறப்பிடம். எளிய அமைப்பும் உறுதியும் வாய்ந்த அக்கார், குடும்பங்களுக்கு உதவியதோடு நில்லாது பந்தயங்களிலும் புகழ் ஈட்டிற்று. 1970இல் இலண்டனிலிருந்து மெக்சிக்கோ வரை நடைபெற்ற நெடுந்தூரப் போட்டியில் ஹன்னு மிக்கோலா என்பார் எஸ்கோர்ட் ஒன்றையே ஓட்டி வென்றார். பிரித்தானியாவின் ஆர்.ஏ.சி. போட்டியில் 1972 தொடக்கம் 1979 வரை எட்டு ஆண்டுகள் இடையறாது எஸ்கோர்ட் கார்களே முதலிடம் பெற்றன.

1980இல் வந்த மூன்றாம் எஸ்கோர்ட் முற்றிலும் புதிய அமைப்புடையது. முன்னைய கார்களில் இயந்திரம் பின்சில்லுகளை இயக்கிற்று. இதில் முன்சில்லுகளை இயக்கிற்று. பின்புறக் கதவு மேல்நோக்கித் திறந்தது. 1981ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியக் கார் என்னும் விருதும் இதற்கே கிடைத்தது. அவ்விருது பெற்ற காரும் குறையற்றதன்று. மேடுபள்ளங்களில் அது துள்ளுகின்றது என்று அன்றே பலர் முறையிட்டனர். எனினும் 1982 முதல் 1989 வரை ஆண்டுதோறும் பிரித்தானியாவில் மிகுதியாக விற்பனையான கார் எஸ்கோர்ட் ஆகவே இருந்தது. இத்துணை நீண்ட வெற்றியே பின்வந்த வீழ்ச்சிக்கு வித்திட்டது என்பது தகும்.

அக்காலப் பிரித்தானியச் சமூகத்தில் இக்கார் பெற்றிருந்த இடத்தையும் அறிதல் வேண்டும். அந்நாட்டில் விற்பனையான புதிய கார்களிற் பெரும்பகுதியைத் தனிமனிதர் வாங்கவில்லை; கம்பனிகள் தம் உத்தியோகத்தருக்காக மொத்தமாக வாங்கின. உத்தியோகத்தரின் தரத்துக்கேற்பக் காரின் தரமும் வேறுபட்டது. காரின் பின்புறத்தில் எல் என்ற எழுத்து இருக்கின்றதா, கியா என்ற பெயர் இருக்கின்றதா என்பதைக் கொண்டு அயலார் அவருடைய பதவியை மதிப்பிட்டனர். எனவே எஸ்கோர்ட் என்பது ஓர் ஊர்தியாக மட்டுமன்றி, நடுத்தர வகுப்பினரின் படிநிலையைக் காட்டும் அளவுகோலாகவும் விளங்கிற்று.

இந்நிலையில், ஐந்தாம் எஸ்கோர்ட்டைத் திட்டமிட்ட காலத்திற் கம்பனியாரின் மனநிலை யாது? 1982இல் அவர்கள் சியரா என்னும் காரை வெளியிட்டிருந்தனர். பலராலும் விரும்பப்பட்ட கோர்ட்டினா காருக்குப் பதிலாக வந்த சியரா, உருண்டு திரண்ட புதுமையான வடிவம் உடையது. அவ்வடிவத்தைக் கண்டு வாங்குவோர் பலர் முதலில் மருண்டனர். புதுமையாற் சூடுபட்ட கம்பனி அடுத்த முறை பழமையில் அடைக்கலம் புகுந்தது என்று கருதுதல் பொருந்தும். எவரையும் மருட்டாத வடிவமே புதிய எஸ்கோர்ட்டுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. எவரையும் மருட்டாத வடிவம் எவரையும் கவரவுமில்லை.

பணம் செலவிடப்படாமல் இல்லை. இத்திட்டத்துக்கு 100 கோடிப் பவுண் அளவிற் செலவாயிற்று என அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. உடல் புதியது, முன்னைய காரினும் நீளமும் அகலமும் கூடியது. முன்பின் சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் அதிகரித்தமையாற் பின்னிருக்கையில் இருப்போர்க்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. ஆயின் இப்புதிய உடலுள் வைக்கப்பட்ட இயந்திரங்கள் பழையன. அவற்றுட் சிறியதாகிய 1.3 லீற்றர் இயந்திரத்தின் வழிமுறையைப் பின்னோக்கிச் சென்றால், அது 1959இல் அங்கிலியா காருக்கென உண்டாக்கப்பட்ட குடும்பத்திற் போய் முடியும். பெரிய பெற்றோல் இயந்திரங்களோ 1980இல் மூன்றாம் எஸ்கோர்ட்டோடு வந்தவை. அவை கரடுமுரடான ஓசை எழுப்பின. விரைவு கூடுந்தோறும் அவ்வோசையும் கூடிற்று.

சில்லுகளை உடலோடு பிணைத்து, வீதியின் அதிர்ச்சியைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமைப்பிலும் சிக்கனம் புகுந்தது. முன்னைய எஸ்கோர்ட்டிற் பின்சில்லுகள் இரண்டும் ஒன்றையொன்று சாராது தனித்தனியே மேலும் கீழும் அசைந்தன. புதிய காரில் அவ்விரு சில்லுகளும் முறுகக்கூடிய ஓர் உருக்குத் தண்டத்தால் இணைக்கப்பட்டன. இவ்வமைப்பு விலை குறைந்தது; இடத்தையும் மிச்சப்படுத்துவது. எனினும் இதனையே குற்றத்தின் மூலம் என்று கொள்ளல் பொருந்தாது. பெரிதும் போற்றப்பட்ட வொக்ஸ்வாகன் கோல்ப் காரும் இவ்வகை அமைப்பையே கொண்டிருந்தது. அமைப்பைத் தெரிவதில் அன்று, தெரிந்த அமைப்பைச் சீராக்கி இணக்குவதிலேயே கம்பனியார் தவறினர். ஸ்டீயரிங்கைத் திருப்புங்கால் முன்சில்லுகளின் நிலையைச் சாரதியின் கை உணரவில்லை. வளைவுகளிற் கார் தயங்கிற்று.

கார் வெளிவந்ததும் சஞ்சிகைகள் யாவும் ஏறக்குறைய ஒரே குரலிற் பேசின. உலகின் மிகப் பெரிய கம்பனிகளுள் ஒன்று, பல ஆண்டு உழைத்தும், பெருந்தொகை செலவிட்டும், போட்டியாளரின் பழைய கார்களுக்குக்கூட ஈடாகாத ஒன்றைத் தந்துள்ளது என்பதே அவற்றின் முடிபு. அம்முடிபு மிகையன்று. இத்தாலியரின் பியட் டீப்போ 1989ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியக் கார் விருதை ஏற்கெனவே பெற்றிருந்தது. ஹொண்டா கம்பனியாரின் துணையோடு ஆக்கப்பட்ட புதிய ரோவர் 200 கார் 1989இல் வந்திருந்தது. அடுத்த ஆண்டாகிய 1991இல் வொக்ஸ்ஹோல் அஸ்ட்ரா, கோல்ப் ஆகியவற்றின் புதிய வடிவங்கள் தோன்றின. 1993இல் வந்த பெஜோ 306 வீதியிற் செல்லும் நேர்த்தியால் யாவரையும் விஞ்சிற்று. இவற்றின் நடுவில் எஸ்கோர்ட் பின்தங்கி நின்றது உண்மை.

மறுமதிப்பீடு என்பது குற்றவாளியை நிரபராதி எனச் சாதிக்கும் வழக்குரை அன்று. 1990இன் எஸ்கோர்ட் ஒரு குறையுள்ள கார். அக்குறைகளும் தவிர்த்திருக்கக் கூடியவை. வாங்குவோர் எதனைக் கொடுத்தாலும் வாங்குவர் என்னும் செருக்கு அதன் ஒவ்வோர் உறுப்பிலும் தெரிந்தது. சில்லுகளின் மேல்வளைவிலும் கதவுகளின் கீழ்விளிம்பிலும் துருவேறுவது இக்காரின் பரம்பரை நோயாகவும் இருந்தது. இவற்றை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது.

ஆயின் தீர்ப்பு வழங்கியோர் யாவர், அவர்கள் எவற்றைக் கொண்டு தீர்ப்பு வழங்கினர் என்பனவும் வரலாற்று மாணாக்கன் கேட்க வேண்டிய வினாக்களே. சஞ்சிகையாளர் ஒரு காரைச் சில நாள் ஓட்டுவர். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் அதன் எல்லைவரை விரைவர். அன்று மாலையே அதனிலும் சிறந்த இன்னொன்றில் ஏறுவர். அவர்களுடைய சாட்சியம் பொய்யன்று. ஆயினும் அது ஒரு பக்கச் சாட்சியம். எட்டாண்டு ஒரே காரை வைத்திருக்கும் குடும்பத்தவர் கேட்கும் கேள்விகள் வேறு. காலையில் இயந்திரம் உடனே இயங்குமா? உதிரிப்பாகம் அண்மையிற் கிடைக்குமா? தெருமுனைத் திருத்துநர் இதனைத் திருத்த வல்லரா? பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள் இருக்க இயலுமா? இக்கேள்விகளுக்கு எஸ்கோர்ட் அளித்த விடைகள் அத்துணை மோசமானவை அல்ல. புதுமைக்குறைவு என்று பழிக்கப்பட்ட அப்பழைய இயந்திரங்களின் ஒவ்வொரு திருகாணியையும் நாடெங்குமுள்ள திருத்துநர் அறிந்திருந்தனர்.

விற்பனைக் கணக்கும் ஒரு சான்று தருகின்றது. 1990, 1991 ஆகிய இரண்டாண்டுகளில் எஸ்கோர்ட் முதலிடத்தைத் தன் தங்கையாகிய பியெஸ்டாவுக்கு விட்டுக்கொடுத்தது. 1992இல் ஏறத்தாழ 121,000 கார்கள் விற்பனையாக, மீண்டும் முதலிடம் பெற்று 1995 வரை அதனைக் காத்துக்கொண்டது. 1994இல் அத்தொகை 144,000 அளவுக்கு உயர்ந்தது. இதனை எதிர்ப்போர், கம்பனிகள் கழிவு விலையில் மொத்தமாக வாங்கியமையே இதற்குக் காரணம் என்பர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. மிகுதியாக விற்றமை ஒன்றே சிறப்புக்குச் சான்றாகாது. எனினும் கம்பனிகள் மூன்றாண்டு வைத்திருந்து விற்ற கார்களைத் தம் சொந்தப் பணம் கொடுத்து வாங்கியோர் சாதாரண குடும்பத்தினரே. அவர்களை எவரும் வற்புறுத்தவில்லை. அவர்கள் சஞ்சிகைகளுக்குக் கடிதம் எழுதவுமில்லை. அவர்களுடைய மௌனத்தையும் ஒரு சான்றாகக் கொள்ளாத வரலாறு முழுமை பெறாது.

இனி, குற்றங்கள் பின்னர் யாதாயின என்பதை நோக்குதல் வேண்டும். இக்காரின் வரலாற்றில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி இதுவே. கண்டனத்துக்குப்பின் கம்பனியார் வாளாவிருக்கவில்லை. 1991இல் ஆர்.எஸ். 2000 என்னும் விரைவு வகை வந்தது. 2 லீற்றர் இயந்திரமும், உறுதிப்படுத்தப்பட்ட உடலும், திருத்தியமைக்கப்பட்ட சஸ்பென்ஷனும் கொண்ட இது நன்றாக ஓடக் கண்டு, முன்னர்ப் பழித்தவர்களே பாராட்டினர். அடிப்படை அமைப்பிற் பெருங்குற்றம் இல்லை என்பதும், கவனமின்மையே குற்றம் என்பதும் இதனால் விளங்கின.

1992இல் ஸெற்றெக் எனப்பட்ட புதிய இயந்திரங்கள் 1.6, 1.8 லீற்றர் அளவுகளில் வந்தன. வேல்ஸ் நாட்டுப் பிரிட்ஜெண்ட் தொழிற்சாலை அவற்றை ஆக்கிய இடங்களுள் ஒன்று. ஸெற்றா என்று பெயரிடக் கருதியபோது, அப்பெயர் லான்சியா கம்பனியாருக்கு உரியதென அறிந்து ஸெற்றெக் என மாற்றினர் என்பது ஒரு சுவையான செய்தி. ஒவ்வோர் உருளைக்கும் நான்கு வால்வுகள் கொண்ட இவ்வியந்திரங்கள் பழையவற்றின் கரடுமுரடான ஓசையைப் பெரிதும் போக்கின. அவ்வாண்டிலேயே காரின் முகமும் பின்புறமும் மாற்றப்பட்டன; பக்க மோதலைத் தாங்கும் உருக்குத் தண்டங்கள் கதவுகளுள் வைக்கப்பட்டன. வெளிவந்து இரண்டாண்டுகளுள் ஒரு காரின் முகத்தையே மாற்றியமை, கம்பனியார் தம் பிழையை ஒப்புக்கொண்டதற்கு நிகராகும். 1993இல் ஒரையன் என வேறு பெயரில் விற்கப்பட்ட பெட்டிக்கார் வகையும் எஸ்கோர்ட் என்னும் பெயருள் அடங்கியது.

1995இல் இறுதித் திருத்தம் நிகழ்ந்தது. முகம் மறுபடியும் புதுக்கப்பட்டது. சாரதியின் முன்னுள்ள பலகை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் நுணுக்கமாக இணக்கப்பட்டன. 1990இல் எவ்வாறு இருந்திருக்க வேண்டுமோ அவ்வாறு அக்கார் 1995இல் ஆயிற்று. அமைதியாக ஓடிற்று; வளைவுகளில் நம்பிக்கை தந்தது. போட்டியாளரை அது விஞ்சவில்லை என்பது மெய். அவர்களும் அவ்வைந்தாண்டில் முன்னேறியிருந்தனர். ஆயினும் முதல் நாளிற் கண்டிக்கப்பட்ட காரும் 1995இன் காரும் பெயரளவிலும் உடலமைப்பிலும் ஒன்றேயன்றிக் குணத்தில் ஒன்றல்ல. கார் திருந்திற்று, தீர்ப்பு மட்டும் திருத்தப்படவில்லை. பிற்காலத்தார் இக்காரைப் பற்றி எழுதப் புகும்போது 1990இன் சஞ்சிகைகளை எடுத்துப் பார்க்கின்றனரேயன்றி 1995இன் சஞ்சிகைகளை நாடுவோர் சிலரே.

பொதுமக்கள் நினைவிற் சிறப்பாக நிற்கும் எஸ்கோர்ட் வேறொன்று. 1992இல் வெளிவந்த ஆர்.எஸ். கொஸ்வேர்த் என்னும் பந்தய வகையே அது. பெரிய சிறகு ஒன்றைப் பின்புறத்தில் தாங்கிய அக்காரை ஓட்டிப் பிரான்சு நாட்டவரான பிரான்சுவா டெலெகூர் 1994இல் மொண்டே கார்லோ போட்டியில் வென்றார். ஆயின் அதன் அடித்தளமும் பொறியமைப்பும் சியரா கொஸ்வேர்த் காருக்குரியவை. எஸ்கோர்ட்டின் தோற்றமே அதன்மேற் போர்த்தப்பட்டது. ஏறத்தாழ 7,000 கார்களே ஆக்கப்பட்டன. இலட்சக்கணக்கான குடும்பங்களுக்கு உழைத்த காருக்குப் பழியும், அதன் சட்டையை அணிந்த சில ஆயிரம் கார்களுக்குப் புகழும் கிடைத்தமை நினைவின் நடுநிலைமையை ஐயுறச் செய்கின்றது.

கண்டனத்தின் பயன் எஸ்கோர்ட்டோடு முடிந்துவிடவில்லை. வேல்ஸ் நாட்டவரான ரிச்சர்ட் பாரி ஜோன்ஸ் என்னும் பொறியியலாளர், கார் ஓடும் முறையில் போர்ட் கம்பனி கடைப்பிடித்த தரத்தை அக்காலத்தில் உயர்த்தியவர் எனப் போற்றப்படுகின்றார். ஒரு காரின் பண்பை ஓட்டத் தொடங்கிய முதல் 50 மீற்றரிலேயே உணர இயலும் என்பது அவர் கொள்கை. ஸ்டீயரிங், தடை, கியர் மாற்றும் கோல் ஆகிய யாவும் ஒரே தன்மையுடன் சாரதிக்கு இணங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1993இல் வந்த மொண்டியோ 1994ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியக் கார் விருதைப் பெற்றது. 1998இல் எஸ்கோர்ட்டுக்கு அடுத்து வந்த போக்கஸ், பின்சில்லுகள் தனித்தனியே அசையும் அமைப்பை மீண்டும் கொண்டுவந்தது. 1999ஆம் ஆண்டுக்குரிய விருதையும் பெற்றது. எந்த உறுப்பிற் சிக்கனம் செய்து கம்பனி பழிக்கு ஆளாயிற்றோ, அதே உறுப்பிற் செலவு செய்து புகழ் பெற்றது. போக்கஸின் சிறப்பைப் போற்றுவோர், அதனை உண்டாக்கிய படிப்பினைக்கு விலை கொடுத்தது எஸ்கோர்ட் என்பதை மறத்தலாகாது.

விலை கொடுத்தோர் வேறும் இருந்தனர். 1997 ஜனவரியிற் கம்பனியார், அடுத்த கார் ஹேல்வூட்டில் ஆக்கப்படமாட்டாது எனவும், அங்கு 1,300 பேரின் வேலை நீங்கும் எனவும் அறிவித்தனர். ஜேர்மனியின் சார்லூயித் தொழிற்சாலையும் இசுபானியாவின் வலென்சியாத் தொழிற்சாலையும் போக்கஸைப் பெற்றன. 2000 ஜூலையில் ஹேல்வூட்டின் கடைசி எஸ்கோர்ட் கார் வெளிவந்தது. ஒரு காரின் தரத்தைப் பற்றிப் பேசும்போது அதனைப் பூட்டிய கைகளைக் குறைகூறல் எளிது. ஹேல்வூட் தொழிலாளர் முன்னைய ஆண்டுகளில் வேலைநிறுத்தங்களுக்குப் பேர்போனவர்கள். ஆதலின் அப்பழி அவர்கள்மேல் எளிதில் ஒட்டிற்று. ஆயின் 1990இன் முதன்மையான குற்றங்களாகிய பழைய இயந்திரமும், இணக்கமற்ற சஸ்பென்ஷனும், உயிரற்ற வடிவமும் வரைபட மேசையிலும் கணக்குப் புத்தகத்திலும் பிறந்தவை. திருகாணி முறுக்கிய தொழிலாளி அவற்றைத் தீர்மானிக்கவில்லை. அதே தொழிற்சாலையிலிருந்து 2001 முதல் ஜாகுவார் கார்களும், 2011 முதல் ரேஞ்ச் ரோவர் இவோக் கார்களும் வெளிவந்து உலகெங்கும் விற்பனையாயின. நல்ல திட்டமும் நல்ல கருவியும் கிடைத்தபோது அவ்வூரார் செய்தவை இவை.

ஒரு பொருளின் மதிப்பு அது நிற்கும் இடத்தையும் சார்ந்தது என்பதற்கு இக்காரின் இந்திய வரலாறு சான்றாகும். 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்தின்பின் இந்தியா பிறநாட்டுக் கம்பனிகளுக்குக் கதவு திறந்தது. மகிந்திரா கம்பனியாரோடு கூட்டுச் சேர்ந்த போர்ட் கம்பனி, 1996இல் மகாராட்டிர மாநிலத்து நாசிக்கில் எஸ்கோர்ட் பெட்டிக்காரைப் பூட்டி விற்கத் தொடங்கிற்று. 1950களின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரிலிருந்து பிறந்த அம்பாசடரையும், 1960களின் பியட் காரிலிருந்து பிறந்த பத்மினியையும் நெடுங்காலம் ஓட்டிய மக்களுக்கு, ஐரோப்பாவிற் பழமை எனத் தள்ளப்பட்ட அதே கார் புதுமையாகத் தோன்றிற்று. அது அங்கும் பெருவெற்றி ஈட்டவில்லை. எனினும் அதன் அனுபவத்தோடு கம்பனி தமிழ்நாட்டிற்கு வந்தது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் எழுந்த தொழிற்சாலையிலிருந்து 1999இல் ஐக்கொன் என்னும் கார், இந்திய வீதிகளுக்கெனவே வகுக்கப்பட்டு வெளிவந்தது. எஸ்கோர்ட்டில் இருந்த 1.8 லீற்றர் டீசல் இயந்திரத்தின் இனமே ஐக்கொன் காரிலும் தொடர்ந்தது. மறைமலை நகரில் அக்கம்பனியின் கார் உற்பத்தி 2022இல் நின்றது. அதற்கிடையில் இரு தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர் அங்கே கைத்திறன் பெற்றனர்.

இனித் தீர்ப்பு எவ்வாறு நிலைபெற்றது என்பதை நோக்கலாம். பிரித்தானியாவில் எல்லா வகை எஸ்கோர்ட்டுமாக 41 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் விற்பனையாயின. 2014இற் பியெஸ்டா அத்தொகையைக் கடக்கும்வரை அந்நாட்டு வரலாற்றில் மிகுதியாக விற்கப்பட்ட கார் என்னும் பெயர் எஸ்கோர்ட்டுக்கே உரியதாயிருந்தது. அவற்றுள் 1990களின் சாதாரண கார்கள் இன்று காண்டற்கு அரியன. துரு பலவற்றைத் தின்றது. 2009 மே தொடக்கம் 2010 மார்ச் வரை பிரித்தானிய அரசாங்கம், பத்தாண்டு கடந்த காரை ஒப்படைத்துப் புதியது வாங்குவோர்க்கு 1,000 பவுணும், கார் ஆக்குவோர் மேலும் 1,000 பவுணும் கழிவு அளிக்கும் திட்டத்தை நடத்திற்று. அதன்கீழ் 4 இலட்சத்துக்கு அண்மையான கார்கள் உடைக்கப்பட்டன. 1990களின் குடும்பக் கார்கள் அத்திட்டத்திற்கு உரிய வயதை அப்போதுதான் எய்தியிருந்தன.

அரியவை மட்டும் காக்கப்பட்டன. வேல்ஸ் இளவரசி டயானா ஓட்டிய 1985ஆம் ஆண்டு எஸ்கோர்ட் ஒன்று 2022இல் ஏலத்தில் 650,000 பவுணுக்கு விலைபோயிற்று. அவ்விலை காருக்கு உரியதன்று, அதில் அமர்ந்தவருக்கு உரியது. கொஸ்வேர்த் கார்களை விரும்பிச் சேர்ப்போர் உளர். தாதிமார் இரவுக் கடமைக்குச் சென்ற காரும், ஆசிரியர் கொப்பிகளைச் சுமந்து வந்த காரும் எவராலும் சேர்க்கப்படவில்லை. அவற்றோடு அவை தந்த சாட்சியமும் அழிந்தது. நூல்நிலையங்களிற் கட்டிவைக்கப்பட்ட சஞ்சிகைகளோ அழியவில்லை. ஆகவே பிற்காலத்துக்கு எஞ்சியது வாதியின் கூற்று மட்டுமே. பிரதிவாதியின் சாட்சிகள் மன்றத்துக்கு வருமுன்பே மறைந்துவிட்டனர். எழுத்திற் பதிந்த ஒரு தரப்பையே முழு உண்மையாகக் கொள்ளும் பிழை மோட்டார் வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. வென்றோரின் மெய்க்கீர்த்தியைக் கொண்டு தோற்றோரை மதிப்பிடுவதும் இவ்வகைப் பிழையே.

இதுகாறும் கூறியவற்றால் துணியத்தக்கவை சில. 1990இன் எஸ்கோர்ட் குறையுடையது என்ற முதல் தீர்ப்பு செம்மையானது. அது கடுமையாக வழங்கப்பட்டதும் நன்றே. கண்டிப்பார் இல்லாதிருந்தால் 1992இன் இயந்திரமும் 1995இன் திருத்தமும் 1998இன் போக்கஸும் அத்துணை விரைவில் வந்திருக்க மாட்டா. ஆயின் அத்தீர்ப்பு ஒரு நாளின் காருக்கு உரியது. பத்தாண்டு வாழ்ந்த ஒரு காருக்கு உரியதன்று. அதனைத் தீட்டியோரின் பிழையை அதனைப் பூட்டியோர்மேல் ஏற்றுவதும், சாரதிக்கு இன்பம் தராமையைக் குடும்பத்துக்குப் பயன் தராமையாகக் கொள்வதும் பொருந்தா.

மேன்மையான காரென்று இதனை எவரும் போற்ற வேண்டுவதில்லை. நன்கு பிறவாத ஒன்று, குறைகூறலைச் செவிமடுத்து, ஆண்டுக்கு ஆண்டு தன்னைத் திருத்திக்கொண்டு, இலட்சக்கணக்கானோர்க்கு உழைத்து மறைந்தது என்ற அளவில் இதன் வரலாறு எழுதப்பட்டாற் போதும். முதற் கோணல் முற்றுங் கோணல் என்பது, கோணலை நிமிர்த்த முயலாதவர்க்கே பொருந்தும் பழமொழி. எஸ்கோர்ட்டின் கோணலை அதனை ஆக்கியோர் ஐந்தாண்டில் நிமிர்த்தினர். அதனைப் பற்றி எழுதிய வரலாற்றின் கோணல் முப்பத்தைந்து ஆண்டு கடந்தும் நிமிர்த்தப்படாது கிடக்கின்றது.